பெருக்காமல் விட்ட இரண்டு அடி

2015 ஐப்பசியில் ஒரு ராத்திரி, அடுக்களை ஜன்னலுக்கு வெளியே 'பட், பட்' என்று சத்தம் கேட்டது. மழை அப்போதுதான் பிடித்திருந்தது. தகரத்தில் விழும் தூறலின் சத்தம் எனக்குத் தெரியும், இது வேறு. உளுந்தை யாரோ சுவரில் விட்டெறிகிற மாதிரி இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், கனகாம்பரச் செடி. காய்ந்து பழுப்பேறிப்போயிருந்த கதிர்களில் மழைத்துளி பட்டதும் காய்கள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. ஒரு விதை என் கன்னத்தில் வந்து பட்டது. குடையில்லாமல் பத்து நிமிடம் அங்கேயே நின்றேன்.

மதுரைக்கு வெளியே ஐந்து சென்ட்டில் வீடு கட்டி வந்த மறுவருடம் அது. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. போர் தண்ணீர் உப்பு. அத்தைக்குத் தினமும் தலையில் பூ வேண்டும், சாமி படத்துக்கும் வேண்டும். மல்லிகை வருடம் முழுக்கக் கிடைக்காது, கிடைத்தாலும் விசேஷ நாளில் விலை தாங்காது. அதனால் தையில் ஒரு நர்சரியில் பன்னிரண்டு கனகாம்பர நாற்று வாங்கி வைத்தேன். ஆடிக்குள் ஒன்பது போய்விட்டது. இலை வெளிறி, செடி வளராமல் குறுகி, ஒருநாள் மதியம் துவண்டு தொங்கும், அத்தோடு சரி. பிடுங்கிப் பார்த்தால் வேரில் கருப்புக் கருப்பாகப் புண். நூற்புழு வேரைக் குடைந்தால் இப்படித்தான் ஆகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கனகாம்பரத்துக்கு அதுதான் முதல் எதிரி. வேரில் அது போட்ட ஓட்டை வழியாக வாடல் நோய்ப் பூஞ்சையும் உள்ளே போய்விடும்.

மிச்சமிருந்த மூன்று செடி அன்று ராத்திரி மழையில் விதை எறிந்தது. கார்த்திகை பிறந்து சில நாளில், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகல விரிசலில் ஒரு முளை எட்டிப் பார்த்தது. நான் உரம் போடவில்லை, தண்ணீரும் தனியாக விடவில்லை. துணி துவைத்த தண்ணீர்தான் அந்தப் பக்கம் ஓடும். அந்தச் செடி ஆறு வருடம் பூத்தது. நான் குழி வெட்டி, எரு போட்டு, வேப்பம்பிண்ணாக்கு வைத்து நட்டவை எதுவும் அத்தனை காலம் நின்றதில்லை. அன்றிலிருந்து என் தோட்டவேலையின் போக்கே மாறிவிட்டது. நடுவது குறைந்தது, தானாக முளைப்பதைப் பார்த்துக்கொள்வது கூடியது.

அந்த வெடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் கைவரும். கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி, இந்த மழைக்கணக்கிலேயே வளர்ந்தது. ஒரு காயில் நான்கு விதை. காய் முற்றிக் காய்ந்தபின் மாதக்கணக்கில் கதிரிலேயே காத்திருக்கும். தண்ணீர் பட்டதும் ஓடு இரண்டாகப் பிளந்து விலகும். விதையைத் தாங்கியிருக்கிற கொக்கி மாதிரியான காம்பு அதை உந்தி எறியும். எங்கள் வீட்டில் ஆறேழு அடி தள்ளிக்கூட முளைத்திருக்கிறது. மண் நனைந்த நாளில்தான் விதை மண்ணுக்கு வருகிறது. நாம் ஆடியில் விதைப்பதா, ஆவணியில் விதைப்பதா என்று யோசிக்கிறோம், செடி யோசிப்பதில்லை. நம்ப முடியாதவர்கள் ஒரு காய்ந்த காயை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தெறிக்கும். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

விதை சேர்க்கவும் இதே வழிதான். பழுப்பான கதிர்களை வெயில் ஏறிய பிறகு கத்தரித்து, ஒரு சட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து, தட்டால் மூடிவிடுவேன். உள்ளே மழை பெய்கிற மாதிரி கேட்கும். சத்தம் நின்றதும் திறந்து, விதையை அன்றே மண்ணில் போட்டுவிட வேண்டும். நனைந்த விதையைப் பொட்டலம் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் நனைக்காமல் கதிரோடு காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவேன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பூ பறிக்கிற வீட்டில் விதை குறையும். கனகாம்பரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்போம். கதிரில் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். எல்லாக் கதிரிலும் பறித்துக்கொண்டே இருந்தால் காய் பிடிக்க வழியில்லை. அதனால் நன்றாக வளர்ந்த இரண்டு செடியில், செடிக்கு மூன்று கதிர் என்று நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுகிறேன். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அத்தையிடம் சொன்னபோது, "விதைக்கு விட்ட கதிரா? அது சாமிக்கு விட்ட மாதிரி, தொட மாட்டேன்" என்றார்கள். இன்றுவரை தொட்டதில்லை.

டெல்லி கனகாம்பரம் வாங்கி ஒரு வருடம் வீணாகக் காத்திருந்ததையும் சொல்ல வேண்டும். பூ பெரிது, நல்ல ஆரஞ்சு, மார்க்கெட்டில் அதற்குத்தான் கிராக்கி. வீட்டிலும் பிரமாதமாகப் பூத்தது. மழை வந்தது, வெடிச்சத்தம் வரவில்லை. கதிரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அது மும்மடியம்: சாதாரணச் செடியில் குரோமோசோம் இரண்டு தொகுதி இருக்கும், இதில் மூன்று. சமமாகப் பிரிய முடியாததால் விதை கட்டாது. குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க முடியும். குறை சொல்லவில்லை, கட்டுவதற்கு அருமையான பூ. ஆனால் தானாக முளைக்கிற தோட்டம் வேண்டுமென்றால், பழைய நாட்டு ஆரஞ்சையோ மஞ்சளையோ கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே காய்ந்த கதிரை நசுக்கி உள்ளே விதை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி வாரியலுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் நூற்புழுவைவிடப் பெரிய தடையாக இருந்தது அதுதான்.

அத்தை கிராமத்தில் வளர்ந்தவர். விடியும் முன் முன்வாசல், கொல்லை இரண்டையும் மண் தெரியக் கூட்டிவிடுவார். ஈர்க்குச்சி வாரியல் போன கோடு மண்ணில் வரிவரியாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் அவருக்கு நாள் தொடங்கும். விதை விழுந்தால் மறுநாள் காலை குப்பையோடு போய்விடும். தப்பி முளைத்தாலும் இரண்டு இலையிலேயே வாரியல் இழுத்துவிடும். விரிசலில் முளைத்தது பிழைத்ததற்குக் காரணமே வாரியல் அங்கே நுழையாததுதான். இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. சொல்லத்தான் தயக்கம். "அத்தை, சுவரோரம் மட்டும் இரண்டு அடி விட்டுடுங்களேன்" என்றேன். "கூட்டாம விட்டா பூச்சி பொட்டு அடையும் தாயி. வீடு விளங்குமா?" என்றார். பூச்சி பயம் நியாயமானதுதான், எங்கள் பகுதியில் கட்டுவிரியன் உண்டு. அதனால் ஒரு ஒப்பந்தம்: வீட்டுச் சுவரை ஒட்டி அல்ல, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இரண்டு அடி, அதிலும் சருகை மண்டவிடாமல் நான் கையால் பொறுக்கிவிடுவேன். ஒரு வரிசை செங்கல் பதித்து எல்லை போட்டோம்.

அந்த இரண்டு அடியில் அடுத்த மழைக்கு வந்த முளைகளை எண்ண முடியவில்லை. ஆனால் எது பூச்செடி, எது களை என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வருடம் களை என்று நினைத்து நானே பிடுங்கியவற்றில் பாதி டிசம்பர் பூவாகத்தான் இருந்திருக்கும். இப்போது வருத்தமாக இருக்கிறது. அதற்கு ஒரு வழி செய்தேன். சின்னத் தொட்டிகளில் தெரிந்த விதைகளைத் தனித்தனியாகப் போட்டு, பக்கத்தில் குச்சியில் பெயர் எழுதிக் குத்தி, முளை வந்ததும் அதன் முகத்தைப் பழகிக்கொண்டேன். அந்திமந்தாரையின் முதல் இரண்டிலை அகலமாக, சிறுநீரக வடிவில் கண்ணைப் பறிக்கும். நித்தியகல்யாணி ரொம்பச் சின்னது, நான்கிலை வந்தபிறகுதான் அந்தப் பளபளப்பும் நடுநரம்பின் வெள்ளைக் கோடும் தெரியும். கனகாம்பரத்துக்கு அடுத்தடுத்து வரும் இலைகள் எதிரெதிராக, கரும்பச்சையாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஆறிலை வரை பிடுங்காதீர்கள். களையாகவே இருந்தாலும் அதற்குள் ஒன்றும் குடி முழுகாது.

அப்புறம் நெருக்கம். கீரைப்பாத்தி மாதிரி முளைத்து நிற்கும், கலைக்க மனசு வராது. கலைக்காமல் விட்டால் எல்லாமே நோஞ்சானாகி ஒன்றும் பூக்காது. கனகாம்பரத்துக்கு ஒரு அடி இடைவெளி வேண்டும். ஆறிலைப் பருவத்தில், தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, சாயங்காலம், கரண்டியால் மண்ணோடு பெயர்த்து வேறு இடத்தில் வைப்பேன். மேலே கொட்டாங்குச்சியையோ ஓலைத்துண்டையோ சாய்த்து மூன்று நாள் நிழல். இதைவிடப் பெரிதாக வளர்ந்தபின் பெயர்த்தால் ஆணிவேர் அறுந்து பாதி பிழைக்காது. விரிசலில் முளைத்தது ஆறு வருடம் நின்றதற்கும் இந்த ஆணிவேர்தான் காரணம் என்று நினைக்கிறேன். யாரும் அதைப் பெயர்க்கவில்லை, பையில் சுருட்டவில்லை.

அதற்காகத் தானாக முளைத்தது எல்லாம் சாகாவரம் பெற்றது என்று சொல்லவில்லை. ஒரே இடத்தில் நாலைந்து வருடம் கனகாம்பரமே வந்துகொண்டிருந்தால் மண்ணில் நூற்புழு சேரும். 2020 வாக்கில் மேற்குச் சுவரோரம் நின்ற வரிசை அப்படித்தான் குறுக ஆரம்பித்தது. மொத்தத்தையும் வேரோடு எடுத்து, வெயிலில் காயப்போட்டு எரித்துவிட்டு, ஒரு வருடம் முழுக்க அந்த இடத்தில் செண்டுமல்லி மட்டும் விட்டேன். செண்டுமல்லி வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். அதுவும் தானாக விழுந்து முளைப்பதுதான், ஆயுதபூஜைக்குப் பூவும் ஆச்சு. கனகாம்பரத்தைக் கிழக்குப் பக்கம் விதை எறிய விட்டேன்.

டிசம்பர் பூவும் கனகாம்பரத்துக்குச் சொந்தக்காரச் செடிதான். எங்களிடம் ஊதாவும் வெள்ளையும் இருக்கிறது. கார்த்திகையிலும் மார்கழியிலும் செடி தெரியாமல் பூக்கும், தை கடந்தால் முடிந்துவிடும். முடிந்ததும் கவாத்து செய்யச் சொல்வார்கள். நான் முதல் இரண்டு வருடம் கவாத்து செய்து செய்தே விதை இல்லாமல் போனேன். இப்போது நான்கு கிளை விட்டுவிட்டு மற்றதை வெட்டுகிறேன். காய் முற்றிக் கொட்டியபின் அந்த நான்கையும் வெட்டினால், வெட்டிய செடியும் தழைக்கிறது, அடியில் நாற்றும் வருகிறது. இதன் விதையைக் கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேலே படிந்திருக்கிற ரோமம் எழுந்து வழவழப்பாகி விரலில் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது, அடைமழையில் அடித்துக்கொண்டு போவதில்லை. ஆனால் ஹோஸ் குழாய் பீச்சுகிற வேகத்துக்கு அதுவும் தாங்காது. விதை விழும் இடத்துக்குப் பூவாளிதான்.

அந்திமந்தாரையை நான் நட்டது ஒரே ஒரு முறை, ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். அடுத்த வருடம் முளைத்தவற்றில் சிவப்பில் மஞ்சள் கோடு போட்டது, ஒரே செடியில் இரண்டு நிறப் பூ என்று விதவிதமாக வந்தன. கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் இந்தச் செடியைத்தான் வைத்து மரபுக்கணக்குப் போட்டார். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பின் விதையை விதைத்தால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை மூன்றும் வரும். நாற்று வாங்கி நட்டிருந்தால் வாங்கிய நிறம்தான் கிடைத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: விதை பார்க்க மிளகு மாதிரியே இருக்கும், தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது அதை 'ரசத்துக்கு' அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு உதறிவிட்டது. இப்போது குழந்தைகள் வரும் பக்கத்தில் அதை விடுவதில்லை. வேண்டாத இடத்தில் வந்தால் முதல் வருடமே எடுத்துவிடுங்கள். அடியில் கிழங்கு பருத்துவிட்டால் கடப்பாரைதான்.

நித்தியகல்யாணிக்கு அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. "சுடுகாட்டுப் பூவ வாசல்ல வைப்பாங்களா?" கொல்லையின் கோடிக்குக் கொண்டுபோனேன். விதையைத் தூவித் தண்ணீர் தெளித்தும் முளைக்கவில்லை. ஆனால் படிக்கட்டு இடுக்கில், தொட்டியின் அடியோரத்தில் எல்லாம் முளைத்தது. அதன் விதைக்கு இருட்டு வேண்டும். எறும்பு இழுத்துக்கொண்டுபோய் இடுக்கில் போட்டது எனக்கு முன்னால் முளைத்துவிட்டது. இப்போது தூவியபின் மேலே மெல்லிசாக மண் தூவிவிடுகிறேன். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, வறட்சி தாங்கும், தண்ணீர் தேங்கினால் அடி அழுகிவிடும். சர்க்கரைக்கு நல்லது என்று இலையை மெல்லுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்திருக்கிறேன். 1950களில் கனடாவில் அந்த நம்பிக்கையை ஆராயப்போய்த்தான் ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கிற வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோய்க்கு அளந்து கொடுக்கிற மருந்து அது. அப்படிப்பட்ட சாறு உள்ள இலையைக் காலையில் வெறும் வயிற்றில் மெல்லக் கூடாது.

மயில்கொன்றை ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன், அதுவும் மூலையில். கனகாம்பரம் ஈரத்துக்கு வெடிக்கும், இது வெயிலில் காய்ந்து வெடிக்கும். சித்திரை மதியத்தில் நெற்று முறுக்கிக்கொண்டு 'டக்' என்று பிளந்து விதை சிதறும். விதைத்தோல் கெட்டி. தானாக முளைக்க நாளாகும், நாமாகப் போடுவதென்றால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, உப்பியதை மட்டும் ஊன்றலாம். ஆளுயரத்துக்கு மேல் போகும், சின்ன இடத்துக்கு இரண்டு தாங்காது.

வெடிக்கிற காய் எவ்வளவு தூரம் எறிந்தாலும் நம் காம்பவுண்டுக்குள்தான் விழும். பறவை தின்கிற பழம் அப்படியல்ல. இதை நான் தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன். நர்சரியில் லாண்டானா என்று சொல்லி மஞ்சளும் ரோஸும் கலந்த கொத்துப்பூச் செடி வாங்கி வேலியோரம் வைத்தேன். அது உண்ணிச்செடி என்று எனக்கு உறைக்கவில்லை. பட்டாம்பூச்சியாக மொய்த்தது, சந்தோஷப்பட்டேன். கருப்புப் பழத்தைச் சின்னான் குருவிகள் தின்றன. இரண்டு வருடத்தில் பின்னால் இருந்த காலி மனை முழுக்க அதுதான். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்த செடி இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் புல் முளைக்க விடாமல் படர்ந்து கிடக்கிறது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் பழங்குடி மக்கள் அதை வெட்டி நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். அவ்வளவு கிடைக்கிறது. நான் என்னுடையதை வேரோடு தோண்டி எடுத்தேன். மனைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஆள் வைத்து அந்த இடத்தையும் சுத்தம் செய்தேன். மூன்று வருடம் தொடர்ந்து நாற்று பிடுங்க வேண்டியிருந்தது. அதிலிருந்து எந்தச் செடி வைத்தாலும் முதல் கேள்வி, இதன் விதை எப்படிப் போகும்? வெடித்து விழுவதும் எறும்பு இழுப்பதும் சரி. பறவை தின்பதாக இருந்தால் யோசிப்பேன். உண்ணியாக இருந்தால் யோசிக்கக்கூட மாட்டேன். மஞ்சள் மணிமணியாகப் பூக்கிற டெக்கோமாச் செடியின், சிறகு முளைத்துக் காற்றில் பறக்கிற விதையும் அப்படித்தான், காய் முற்றுமுன் வெட்டிவிட முடியாதவர்கள் வைக்க வேண்டாம்.

எங்கள் செங்கல் எல்லை இப்போது இல்லை. மூன்று வருடம் முன்பு அதைத் தாண்டி, கொல்லை நடுவில், சரியாக அத்தை கூட்டும் வழியில் ஒரு கனகாம்பரம் முளைத்தது. பெயர்த்து வைக்கலாம் என்று சாயங்காலம் கரண்டியோடு போனேன். காலையில் கூட்டிய கோடு மண்ணில் அப்படியே இருந்தது. நேராக வந்த கோடு அந்த முளைக்குப் பக்கத்தில் வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது. நடுவில் ஒரு சாண் வட்டம், வாரியல் படாத மண். கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம். அதை நான் கவனிக்கவே இல்லை. குனிந்து பார்த்தேன், டிசம்பர் நாற்று. "அது வெள்ளையா ஊதாவான்னு தெரியல, பூக்கட்டும் பாப்போம்" என்றார் அத்தை, திண்ணையில் இருந்தபடியே. கரண்டியை உள்ளே வைத்துவிட்டேன்.